வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடம்

விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கும் அன்று காலை, ஒஸ்லோவின் ஓரத்து அம்மருட்டில் அடுக்குமாடிகளின் மேல்பாதியைக் காணவில்லை. இரவு இறங்கிய மூடுபனி போக மனமில்லாமல் அப்படியே தங்கிவிட்டது. கீழ்வாசலில் மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு அனஸ்ரேசியா பிள்ளைகளின் தொப்பிகளைக் காது மூட இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஏழெட்டுப் பிள்ளைகள், பலவிதமான கையுறைகள், எல்லோருடைய மூக்கிலும் ஒரே ஒழுக்கு.

இவர்கள்தான் கோபுஸ். நோர்வேஜிய மொழியில் நடக்கிற பஸ் என்று அர்த்தம். இந்தப் பஸ்ஸுக்குச் சில்லு கிடையாது. ஒரு தாயோ தகப்பனோ முன்னால் நடக்க, ஒரே கட்டடத்துப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துப் பின்னால் நடந்து பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். பெற்றோர் முறை வைத்துத்தான் தொடங்கினார்கள். முறையெல்லாம் ஒரு மாதத்தில் கலைந்து, பின்னேர வேலைக்குப் போகிற அனஸ்ரேசியாவின் தலையில் வந்து விழுந்தது. அவளுடைய கணவன் சேந்தன் ஒஸ்லோ வீதிகளில் உண்மையான பஸ் ஓட்டுகிறவன். உன்ரை பஸ்தான் ஒருநாளும் பிந்தாத பஸ் என்று அவளைச் சீண்டுவான்.

மேட்டிலிருந்த சின்னப் பள்ளியை மார்கழியோடு மூடிவிட்டார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம், கூரையும் ஒழுகுகிறதாம். எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று பிரிக்கிற எல்லைக்கோட்டைப் பெற்றோர் கூட்டத்தில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். கோடு ஒரு விரல் அகலம்தான் நகர்ந்திருந்தது. அந்த ஒரு விரலில் இவர்களுடைய கட்டடம், ரயில் பாலத்துக்கு அப்பால் புதிதாகக் கட்டிய பெரிய பள்ளியின் பக்கம் போய்விட்டது. நல்ல பள்ளிதான், யாரும் குறை சொல்லவில்லை. அனஸ்ரேசியா மட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் மகள் மேரின். ஏழு வயது. வீட்டில் வாய் ஓயாது. குளிக்கும்போதும் கதை, தலை இழுக்கும்போதும் கதை, ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போதும் ஒரு முணுமுணுப்பு. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால், பள்ளி வாசலைத் தாண்டினால், ஒரு சொல் வராது. பிடிவாதமில்லை, பயம் என்று பள்ளித் தாதி விளங்கப்படுத்தினாள். மேரினைக் கேட்டால் தொண்டைக்குள் ஒரு கதவு பூட்டுப்படுகிறது என்பாள். வகுப்பாசிரியை கரோலினா அவளை ஒருநாளும் பேசச் சொல்லி வற்புறுத்தியதில்லை. தலையாட்டினால் போதும் என்று ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தாள். போன ஐப்பசியில் ஒரு நாள், பிள்ளைகள் குளிருடுப்புக் கொழுவுகிற விறாந்தையில் ஒரு தொப்பி விழுந்து கிடந்தது. யாருடையது என்று கரோலினா பொதுவாகக் கேட்டிருக்கிறாள். என்னுடையது என்று ஒரு புதுக்குரல் சொன்னது. இதைத் தொலைபேசியில் சொல்லும்போது கரோலினா அழுதாள். வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்த அனஸ்ரேசியா, கரண்டியும் கையுமாக நின்று தானும் அழுதாள். சூப் ஆறுகிறது என்றார் கிழவர்.

அதற்குப் பிறகு நத்தார் வரையில் இன்னும் சில சொற்கள் வந்தன. எல்லாம் அந்த விறாந்தையில்தான், எல்லாம் கரோலினாவிடம்தான். இப்போது விறாந்தையும் இல்லை, கரோலினாவும் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாள். இன்று விடிய, சாப்பாட்டுப் பெட்டியில் பாணும் பழுப்புச் சீஸும் வைத்துக்கொண்டிருந்தபோது மேரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்கை எனக்குக் குரல் வராது, அம்மா," என்றாள்.

அனஸ்ரேசியா பெட்டியை மூடினாள். பிறகு திறந்து, ஏற்கெனவே வைத்த பாணுக்கு மேல் இன்னொன்று வைத்தாள்.

பஸ் புறப்பட்டது. விளக்குக் கம்பங்களில் வெளிச்சம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, கம்பத்தைக் காணவில்லை. பனிக்கட்டியில் தூவிய சரளைக்கல் காலடியில் நொறுநொறுவென்றது. எங்கேயோ ஒரு ரயில் போனது. மேலேயா கீழேயா என்று சொல்ல முடியாது. நித்திரைக்குள் நடப்பதுபோல எல்லாம் மெத்தென்று, தூரமாக இருந்தது. பிள்ளைகளின் கலகலப்பும் அந்த வெள்ளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனது. மேரினின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த அனஸ்ரேசியா, புது ஆசிரியரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் நோர்வேஜிய மொழியில் கட்டிக்கொண்டிருந்தாள். என் மகள் ஊமையில்லை. தயவுசெய்து அவளை வகுப்புக்கு முன்னால் நிறுத்திப் பெயர் கேட்க வேண்டாம். காத்திருங்கள், நிறையக் காத்திருங்கள். ஒரு வசனத்தைக் கட்டினால் மற்றது அவிழ்ந்தது. திரும்பத் திரும்பக் கட்டினாள். கால்கள் தம்பாட்டில் நடந்தன.

கை ஒரு இரும்புப் படலையில் முட்டியபோதுதான் நின்றாள். படலையில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

மேட்டுப் பள்ளி. வலப்பக்கம் திரும்பிப் பாலத்துக்கு இறங்க வேண்டிய இடத்தில் திரும்பாமல், வழக்கம்போல மேலே ஏறி வந்திருக்கிறாள். முற்றத்துப் பனியில் ஒரு காலடி இல்லை. வகுப்பு யன்னலில் பிள்ளைகள் வெட்டி ஒட்டிய கடதாசி நட்சத்திரங்கள் இன்னும் இருந்தன. உள்ளே கதிரைகள் மேசைகளின் மேல் கவிழ்ந்து கிடந்தன.

திரும்பிப் பார்த்தாள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. எல்லோரும் சோடி சோடியாக, கை விடாமல், படலைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலாம் வகுப்புக் கிளின்ரன் இருக்கிறானே, அவள் செருப்பு மாறிப் போட்டாலே ஊருக்கெல்லாம் பறை அடிக்கிறவன், அவன்கூட வாய் திறக்கவில்லை.

"ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

"காட்டத்தான் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள் எண்டு நினைச்சன், அன்ரி," என்றான் கிளின்ரன்.

அப்போது சின்னவள் நிலூஜா அழத் தொடங்கினாள். முதலாம் வகுப்பு. தன்னுடைய பள்ளி இதுவா அதுவா, யாரும் இல்லாத இந்தப் பள்ளியில்தான் இனி இருக்க வேண்டுமா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவளைப் பார்த்து இன்னொரு பிள்ளையின் உதடும் பிதுங்கியது. அனஸ்ரேசியா ஏதாவது சொல்லத்தான் நினைத்தாள். நாள்தோறும் கிழடுகளுக்கு ஆறுதல் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, தமிழும் வரவில்லை, கட்டிவைத்த நோர்வேஜிய வசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தொண்டைக்குள் ஒரு கதவு பூட்டுப்படுவது என்றால் என்னவென்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. மகள் இதையா தினமும் சுமந்துகொண்டு போனாள்?

அவளுடைய கைக்குள்ளிருந்த சின்னக் கை, கையுறையோடு நழுவிப் போனது. மேரின் நிலூஜாவிடம் போய் நின்றாள்.

"இது இனி எங்கட பள்ளி இல்லை," என்றாள், நோர்வேஜிய மொழியில், சத்தமாக இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி. "கீழை போகவேணும். என்ரை கையைப் பிடி."

நாலாம் மாடி எம்மா மட்டும் கண்ணை அகல விரித்து அனஸ்ரேசியாவைப் பார்த்தாள். மற்றவர்கள் ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பினார்கள். அனஸ்ரேசியா அசையவில்லை. காட்டோரத்தில் மரைமான் வந்து நிற்கும்போது, அது போய்விடக்கூடாதே என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார்களே, அப்படி நின்றாள்.

பஸ் மறுபடி புறப்பட்டது, மேரினும் நிலூஜாவும் முன்னால், மஞ்சள் மேலங்கி கடைசியில். திரும்ப வேண்டிய இடத்தில் மேரின் திரும்பினாள். பிள்ளைகளின் முதுகில் ஒட்டியிருந்த ஒளிப்பட்டிகள் விளக்கடியில் பளிச்சிட்டு, பிறகு மங்கி, அடுத்த விளக்கடியில் மறுபடி தெரிந்தன. பாலத்தின் கீழ் போகும்போது ரயில் தலைக்கு மேல் போனது. யாரோ சிரித்தார்கள். அது மேரினாக இருக்க வேண்டும் என்று அனஸ்ரேசியா ஆசைப்பட்டாள்.

புதுப் பள்ளி பனிக்குள்ளிருந்து ஒரேயடியாக வெளிப்பட்டது, முழுக்கக் கண்ணாடியும் வெளிச்சமுமாக. பாடம் தொடங்கிவிட்டிருந்தது. கதவைத் திறந்துகொண்டு உயரமான இளம் ஆசிரியர் ஒருவர் கம்பளிச் சட்டையோடு வெளியே வந்தார். பிந்தி வந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் நின்ற இருவருக்கும் எதிரே குந்தியிருந்து, இந்தப் பஸ்ஸை யார் ஓட்டிக்கொண்டு வந்தது என்று சிரித்துக்கொண்டு கேட்டார்.

என் மகள் ஊமையில்லை. வசனங்கள் எல்லாம் ஒரு பிழையில்லாமல் அனஸ்ரேசியாவின் நாக்கு நுனிக்குத் திரும்பி வந்துவிட்டன. ஓரடி முன்னால் வைத்தாள். பிறகு வைத்த காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மேரின் நிலூஜாவின் கையை விடவில்லை. அவளுடைய உதடுகள் திறந்தன. முதலில் வந்தது மூச்சு மட்டும்தான். கதவு வெளிச்சத்தில் அது வெள்ளையாக எழுந்து, ஆசிரியரின் முகத்துக்கும் அவளுடைய முகத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது.