அரித்துப்போன எல்போ

வஜ்தீ பேபேயின், எங்கள் பேச்சில் வஜ்தீ அண்ணனின், தோணியில் எல்போ அரித்துப்போயிருந்தது எனக்கு முன்பே தெரியும். இன்ஜினைக் குளிர்வித்த கடல்நீரும் புகையும் ஒன்றாகக் கலந்து வெளியேறுகிற வளைந்த இரும்புக் குழாய் அது. சூடும் உப்பும் சேர்ந்து அதை உள்ளிருந்தே தின்றுவிடும். நோன்பு தொடங்குவதற்கு முன் ஒருநாள் திருப்புளியால் லேசாகத் தட்டிப் பார்த்தேன். முனை உள்ளே போய்விட்டது.

"பேபே, இது போச்சு. மாலேயிலேருந்து புதுசு வரவழைங்க. அதுவரைக்கும் தோணிய வெளிய எடுக்காதீங்க."

"சூரை மீனு கொட்டுற நேரத்துலயா கட்டிப்போடச் சொல்ற? எதையாவது அப்பி விடு நிஹாத். நீ அப்பினா நிக்கும்னு தீவே சொல்லுதே."

அந்தப் புகழ்ச்சியில் விழுந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. துருவைச் சுரண்டி, எபாக்சிப் பசையைக் குழைத்து அப்பி, மேலே ரப்பரைச் சுற்றி, இரண்டு கிளாம்ப் போட்டு முறுக்கினேன். ஒரு வாரத்துக்கென்று போட்டது இரண்டு மாதம் ஓடியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. புது எல்போவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தென்மேற்குப் பருவம் இறங்கிய வாரத்தில் என் மனைவி ஸன்ஃபாவுக்கு வயிற்று வலி வந்தது. இரண்டாம் நாள் காலையில் அவளால் காலை நீட்ட முடியவில்லை. குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே தீவுக்கூட்டத்துக்கே பொதுவான அட்டோல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் சுகாதார நிலைய நர்ஸ். கடல் இருந்த இருப்பில் ஆஸ்பத்திரியின் விரைவுப்படகு புறப்படாது என்று போனில் சொல்லிவிட்டார்கள். மற்ற தோணிகளைக் கரையேற்றியிருந்தார்கள். வஜ்தீ பேபே கேட்காமலே வந்து நின்றார்.

"தூக்கிட்டு வா. நான் கொண்டுபோய்ச் சேக்கறேன்."

புறப்படுமுன் எல்போவைத் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அது ஒட்டுவேலை என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஸன்ஃபாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய அக்கா ஜுவைரியா உட்கார்ந்திருந்தாள். எங்கள் தீவுக்கும் ஆஸ்பத்திரி இருந்த தீவுக்கும் நடுவிலுள்ள ஆழமான கடல்கால்வாயில் பாதி தாண்டியிருப்போம். இன்ஜின் சத்தம் மாறியது. இன்ஜினை மூடியிருந்த பலகையைத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. நான் அப்பியதெல்லாம் பெயர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பம்பு கடலை உறிஞ்சி உறிஞ்சித் தோணிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தது. கணுக்கால் வரை தண்ணீர்.

இன்ஜினை நிறுத்தினேன். தோணி அலைக்குக் குறுக்கே திரும்பி ஆடியது. கிழக்கே பவளத்திட்டின் மேல் அலை வெள்ளையாக உடைவது தெரிந்தது. நங்கூரம் எட்டாத ஆழம். காற்று எங்களை நேராக அங்கேதான் தள்ளியது.

"இன்னொரு தடவ அப்புடா!" என்று கத்தினார் வஜ்தீ பேபே.

"இந்தச் சூட்டுல, ஈரத்துல எதுவும் ஒட்டாது பேபே."

"அப்ப என்னதான் பண்ணப்போற? திட்டுல அலை உடையிற சத்தம் கேக்குதா இல்லயா?"

ஜுவைரியா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "ஊருக்கே மெக்கானிக்னு திரியிறியே. என் தங்கச்சிய இந்த ஓட்டை டப்பாவுலதானா ஏத்தின?"

ஒரே வழிதான் இருந்தது. எல்போவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயைக் கழற்றி, அதன் வாயைப் பக்கப்பலகைக்கு வெளியே தொங்கவிட்டேன். இனி இன்ஜின் குளிரும், தண்ணீர் கடலுக்கே போகும். ஆனால் புகை தண்ணீரில்லாமல் நெருப்பாக வரும். எல்போவை அடுத்த ரப்பர் குழாய் எரிந்தால் தோணியும் எரியும். பிஸ்கட் டப்பாவை வெட்டி ஓட்டையில் சுற்றிக் கம்பியால் கட்டினேன். மறுபடியும் ஒட்டுவேலை! யாராவது உள்ளேயே உட்கார்ந்து அந்த ரப்பரின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை ஜுவைரியாவிடம் கொடுத்தேன். "கூப்பிட்டுக்கிட்டே இரு தத்தா," என்றேன்; எங்களுக்கு அக்கா என்றால் தத்தா. "பதில் வரலேன்னா இழு."

இன்ஜினைக் கிளப்பினோம். தகரத்தின் இடுக்கில் புகை பீறிட்டது. கண் தெரியவில்லை. ஈரச் சாக்கை ரப்பரின் மேல் போட்டு, தேங்கிய தண்ணீரையே மொண்டு மொண்டு ஊற்றினேன். மேலே ஸன்ஃபா முனகுவது இன்ஜின் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது.

"நிஹாத், இருக்கியா?"

"இருக்கேன்."

எத்தனை முறை அப்படிச் சொன்னேனோ. தோணி சாய்ந்தபோது தடுமாறி எல்போவைப் பிடித்துவிட்டேன். உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு நினைவில்லை.

விழித்தபோது மேல்தளத்தில் கிடந்தேன். அலை அடங்கியிருந்தது, ஆஸ்பத்திரித் தீவைச் சுற்றிய திட்டுக்கு உட்புறம், அமைதியான தண்ணீருக்கு வந்துவிட்டோம். பலகைக்குக் கீழே யாரோ இருமினார்கள். என் இடுப்பிலிருந்த கயிறு ஜுவைரியாவின் இடுப்புக்கு மாறியிருந்தது. மறுமுனையைத் தன் காலில் சுற்றிக்கொண்டு, சுக்கானைப் பிடித்தபடி வஜ்தீ பேபே கத்திக்கொண்டிருந்தார்: "ஜுவைரியா! இருக்கியாம்மா?"

"இருக்கேன். நீங்க முன்னாடி பாத்து ஓட்டுங்க!"

குடல்வால் வழியிலேயே வெடித்திருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர். சீழ் வயிறு முழுக்கப் பரவி, ஒன்பது நாள் ஸன்ஃபா யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கட்டுப்போட்ட கையோடு வராந்தாவில் கிடந்தேன். பத்தாம் நாள் கஞ்சி குடித்தாள். அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தட்டினப்பவே முனை உள்ள போச்சா?"

"போச்சு."

"தெரிஞ்சும் ஏத்தினியா?"

"அன்னிக்கு வேற தோணி இல்ல ஸன்ஃபா."

"அன்னிக்கு இல்ல, சரி. அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் இருந்துச்சே."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் சரக்குக் கப்பலில் புது எல்போ ஆஸ்பத்திரித் தீவுக்கே வந்தது. துருவேறிய போல்டுகள் ஒவ்வொன்றையும் அறுத்தெடுத்து, புதுசு போட்டு முடிக்க ஒற்றைக் கையால் ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. வஜ்தீ பேபே பக்கத்தில் உட்கார்ந்து, கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்தார். தோணியை அவர் தனியாகவே ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஸன்ஃபா அதில் ஏற மறுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நாளில் பயணிகள் படகுக்காகத் துறையில் நின்றோம். அக்காவின் தோளைப் பிடித்திருந்த ஸன்ஃபா ஏறுபலகை முன்னால் நின்றுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்ன நாளிலிருந்து என்னோடு பேசாதவள் என் பக்கம் திரும்பினாள்.

"இதோட இன்ஜின நீ பாத்தியா?"

"இல்ல. இது அவங்க படகு, அவங்க மெக்கானிக்—"

"போய்ப் பாத்துட்டு வா. அப்புறம் ஏறறேன்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டு இன்ஜின் இருந்த இடத்துக்குக் கீழே இறங்கினேன்.