சனிக்கிழமை வீடு

செக்கொண்டியில் மீன் சந்தைக்குப் பின்னால் ஏறும் சரிவில் இருந்த குவாமெனா எஜிரின் வீடு, சனிக்கிழமைதோறும் காலை ஒன்பதரை மணிக்குக் கட்டி முடிந்தது; மாலை ஏழேகாலுக்கு மறைந்தது. மற்ற ஆறு நாளும் அந்த மனையில் இடுப்பளவுச் சுவர்களும், துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஆறு தூண்களும், ஆடுகள் மேயும் புல்லும், நகரசபைக்காரர்கள் சிவப்புச் சாயத்தில் எழுதிவிட்டுப் போன ‘வேலையை நிறுத்து, அனுமதி காட்டு’ என்ற வரியும்தான் இருந்தன. நிறுத்துவதற்கு அங்கே வேலை நடந்தே பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

இது தொடங்கியது, பழைய பணத்தில் நான்கு சைபர்களை அடித்துவிட்டுப் புது சீடி நோட்டு வந்த வருடம். எஜிர் தக்கோராடி துறைமுகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் கோக்கோ மூட்டை எண்ணி ஓய்வு பெற்றவர். ஒரு மூட்டைகூட எண்ணிக்கையில் பிசகியதில்லை என்று துறைமுகத்தில் அவருக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை பிறந்ததால் குவாமெனா என்று பெயர் வைக்கப்பட்டவர்; அதனாலேயே சனிக்கிழமைக் குலுக்கல் தனக்கென்றே நடப்பது என்று நம்பியவர். அன்று மான்சாவின் லாட்டரிக் கூண்டில் ஒரு சீடி கொடுத்து ஐந்து எண் கட்டினார். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறியபோது, தன் மனையில் ஓடு வேய்ந்து, கண்ணாடிப் பட்டை ஜன்னல்கள் வைத்து, பூட்டில் சாவி தொங்க வீடு நிற்பதைக் கண்டார். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மாலையில் வானொலி ஐந்தாவது எண்ணைப் படித்தபோது புல்லில் விழுந்தார். இடுப்பில் அடி. இரண்டு நாள் தைலம் தேய்த்தார்கள்.

ஊரில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. சீட்டு வாங்கினால் குலுக்கல் வரைக்கும் ஏதோ ஒன்று வந்து இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவருக்குப் படகு மோட்டார் வரும், ஒருவருக்கு மகனின் விசா வரும், இன்னொருவருக்கு மூன்று வருடமாகப் பேசாத தங்கை வருவாள். எஜிருக்கு வந்தது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். நகரசபை ஆள் ஒரு சனிக்கிழமை வந்து வீட்டு வரி போட்டார். திங்கட்கிழமை ரசீதோடு வந்தவர், ஆடுகளைப் பார்த்துவிட்டு, ‘வீடு வெளியூர் போயுள்ளது’ என்று எழுதிக்கொண்டு திரும்பினார்.

அவர் மனைவி அபாவுக்கு மட்டும் அந்த வீடு பொறுக்கவில்லை. அவள் சோளமாவைப் புளிக்கவைத்து வாழையிலையில் கட்டி வேகவைத்த கெங்கி விற்பவள். சந்தைக்குக் கீழே, பதினொரு குடும்பங்களுக்கு ஒரே முற்றம் உள்ள வாடகை வீட்டில் ஓர் அறையில் இருபத்தாறு வருடம் குடித்தனம் செய்தவள். முதல் சில சனிக்கிழமைகள் அவளும் மேலே போய்ப் பார்த்தாள். ஏழு மணிக்கு அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். ஏழேகாலுக்குச் சட்டி புல்லில் கவிழ்ந்து கிடக்கும். நான்காவது முறை குழம்பு கொட்டியபோது இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எஜிர் தனியாகப் போய் உட்கார்ந்தார். பிறகு துறைமுகத்துப் பழைய நண்பர்களை அழைத்துப்போய் உட்காரவைத்தார். ஆண்டுகள் போகப்போக வீடு வளர்ந்தது. நான்கு அறை ஆறு ஆயிற்று. அவர் தக்கோராடியில் ஒரு கான்ட்ராக்டரின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த வாரம் முன்னால் தூண் வைத்த வராந்தா வந்தது. ஐந்தாம் வருடம் மாடி வந்தது. கடல் தெரியும் மாடி. எண்களைக் குறைத்துக் கட்டிப் பார்த்த ஒரு வாரம், கதவில்லாத வீடு வந்து நின்றது. அதன்பின் ஐந்துக்குக் குறைவாக அவர் கட்டவில்லை.

ஒரு தடவை அவருக்கு விழவும் விழுந்தது. ஐந்தில் மூன்று எண் சரி. எட்டு மூட்டை சிமெண்ட் வாங்கும் அளவு பணம். அன்றும் ஏழேகாலுக்கு வீடு மறைந்தது. ஜெயித்த சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ தாமதம் என்பதுபோல் புல்லில் நின்றுகொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அபா அந்தப் பணத்தை எடுத்து எட்டு மூட்டையும் வாங்கி, கட்டிலுக்கு அடியில் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடினாள்.

பதினோராவது வருடம், மே மாதத்தில், வாடகை வீட்டுக்காரர் முற்றத்தை விற்றுவிட்டதாகவும் கிறிஸ்துமஸுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். வேறு இடம் பிடிக்க இரண்டு வருட வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். அவ்வளவு பணம் இருந்தால் அபா ஏன் வாடகைக்குப் போகிறாள். மகன் ஈபோ தர்க்வா சுரங்கத்திலிருந்து கொஞ்சம் அனுப்பினான்; கட்டிலுக்கடியில் எட்டு மூட்டை சிமெண்ட் இருந்தது. அவள் கொத்தனார் அமோவாவைக் கூட்டிக்கொண்டு மனைக்குப் போனாள். பழைய அடித்தளத்தின் மேலேயே, பின்பக்க மூலையில், ஓர் அறைக்குச் சுவர் எழுப்பச் சொன்னாள். செப்டம்பரில், ஒரே வாரத்தில், நான்கு சுவரும் தலைக்கு மேல் உயர்ந்தன. ஆறு நாளும் இருக்கும் சுவர். அபா தினமும் கெங்கி விற்று முடித்து மேலே ஏறி, அதைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

சிக்கல் அடுத்த சனிக்கிழமை தெரிந்தது. வீடு வழக்கம்போல் ஒன்பதரைக்கு வந்தது. ஆனால் அபாவின் அறை போகவில்லை. எஜிரின் வீடு வருடாவருடம் வளர்ந்து அடித்தளத்தின் கணக்கை எப்போதோ மீறியிருந்தது. அவளுடைய பூசாத சிமெண்ட் சுவர், பளிங்குத் தரை போட்ட கூடத்தின் நடுவே எழுந்து, மாடிப்படியை ஆறாவது படியில் குறுக்கே வெட்டி நின்றது. மாடிக்குப் போக வழியில்லை. நண்பர்கள் கீழேயே உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி பியர் குடித்துவிட்டுப் போனார்கள்.

“அத இடி அபா. சனிக்கெழமைக்கு மட்டும் ஒரு வழி விடு.”

“ஒரு நாள் இருக்கற வீட்டுக்காக ஆறு நாள் இருக்கற சுவர இடிக்கணுமா? நல்லா இருக்கு ஈபோ அப்பா.”

“ஆறு நாளும் இருக்கறது சுவரு. அந்த ஒரு நாள் இருக்கறதுதான் வீடு.”

“மழ பெஞ்சா எதுக்குள்ள போய் ஒதுங்குவீங்க?”

அவர் பதில் சொல்லவில்லை. அபா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அதுதான் அவள் செய்த தவறு. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, அவள் சந்தையில் இருந்த நேரத்தில், எஜிர் ஒரு கடப்பாரை வாங்கி வந்து, மாடிப்படி போகும் அளவுக்கு அந்தச் சுவரை உடைத்தார். அன்று நண்பர்கள் மாடியில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். ஏழேகாலுக்குப் படிகள் போயின, மாடி போயிற்று, ஓட்டை மட்டும் இருந்தது. ஒரு மாடு நுழையும் அளவு ஓட்டை.

அபா திட்டவில்லை. பத்தொன்பது நாள் பேசவில்லை. கெங்கி கட்டும்போது இலை கிழியும் சத்தம் மட்டும் அறையில் கேட்டது. அந்தப் பத்தொன்பது நாளும் அவள் மனதில் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச்சுற்றி வந்தாள்: முப்பத்தோரு வருடம் மூட்டை எண்ணியவர், ஒன்று குறைந்தால் தூங்காதவர், இந்த ஒரு கணக்கை மட்டும் ஏன் போட மறுக்கிறார். தொண்ணூறு எண்ணில் ஐந்து சரியாக விழ வேண்டுமானால் ஏறக்குறைய நாலு கோடியே நாற்பது லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று ஈபோ தொலைபேசியில் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தான். அவருக்குத்தான் முதலில் சொல்லியிருந்தான். அவர் கவனமாகக் கேட்டு, இரண்டு சைபர் விட்டுவிட்டாயே என்று அவனைத் திருத்தினாராம்.

கூரைத் தகரத்துக்கு வைத்திருந்த பணத்தில் சுவரையும் அடைத்தால் தகரம் பாதிக்குத்தான் வரும் என்றார் அமோவா. அபா தகரத்தைத் தேர்ந்தாள். டிசம்பர் இருபதாம் தேதி, சாமான்களைத் தலையில் சுமந்து மேலே போனார்கள். ஓட்டையில் தார்ப்பாய் கட்டினாள். எஜிரின் பாயை அவளே, வேண்டுமென்றே, ஓட்டைப் பக்கம் விரித்தாள். அவரும் மறுக்காமல் அங்கேயே படுத்தார். மழைக்காலமில்லாத மாதம்தான், என்றாலும் ஜனவரியில் மூன்று நாள் கடற்பக்கமிருந்து மழை வந்து, தார்ப்பாயைக் கிழித்து, அந்த வீட்டில் அவர் பாயின் மேல் மட்டும் பெய்தது. நான்காம் நாள் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, சாப்பிடவைக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

அவர் சாப்பிடவில்லை. சோளக்கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினார். வெள்ளிக்கிழமை மணி கேட்டார். சனிக்கிழமை காலையும் மணி கேட்டார். ஒன்பதரை ஆயிற்று. சீட்டு வாங்க ஆளில்லாததால் வீடு வரவில்லை. ஓட்டை வழியாகப் புல்லைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பத்து மணிக்கு அபா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பாயைத் தான் விரித்த இடத்தைப் பார்த்தாள். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

மான்சாவின் கூண்டில் பழைய குலுக்கல் எண்கள் அச்சடித்த தாள் தொங்கியது. அதை நான்கு பேர் பென்சிலோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அபாவைப் பார்த்ததும் வழிவிட்டார்கள்.

“அம்மாவா? கனவுல நம்பர் ஏதும் கண்டீங்களா?” என்றாள் மான்சா.

“தூங்குனாத்தானே கனவு. நாலு கோடி சீட்டுக்கு ஒண்ணுதான் விழுமாமே, மான்சா. மனசறிஞ்சுதான் விக்கிறியா?”

“நாலு கோடிப் பேருக்கு செக்கொண்டில எடம் எங்கம்மா இருக்கு? நம்பரச் சொல்லுங்க, பின்னால ஆளு நிக்குது.”

அவளிடம் எண் எதுவும் இல்லை. அந்த வாரம் ஐந்து நாளும் விற்காமல் திரும்பிய கெங்கிகளின் எண்ணிக்கையைச் சொன்னாள். ஏழு, பதினொன்று, நாலு, பத்தொன்பது, இருபத்து மூன்று. வரிசையில் ஒருவன் அதைத் தன் உள்ளங்கையில் குறித்துக்கொண்டான்.

சரிவில் ஏறும்போது அவள் மாடியைத் தேடினாள். மாடி இல்லை. வராந்தாவும் தூண்களும் இல்லை. அவள் கட்டிய அதே அறை நின்றது, ஓட்டை மூடி, பூசி, வெளிர்நீலம் அடித்து. அதற்குப் பக்கத்தில் இன்னோர் அறை. பின்னால் ஒரு சமையல்கட்டு, அதில் பூட்டக்கூடிய கதவு. சமையல்கட்டில் ஒரு குழாய். அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. மூடினாள், நின்றது. பத்து வயதிலிருந்து தண்ணீரைத் தலையில் சுமந்தவள், மறுபடியும் திறந்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“மாடி எங்க?”

“இது என் சீட்டு.”

பாய் சரசரத்தது.

“ஆறு ரூம் இருந்துச்சே அபா.”

“ஆறையும் பெருக்குனது யாரு? நீங்களா, ஒங்க துறைமுகத்துக்காரனுங்களா? ஏறி எறங்க இப்ப யாருக்கு முட்டி இருக்கு?”

“இத்தனூண்டு வீட்டுக்கா ஒரு சீடி குடுத்த? இதக் காசு சேத்தே கட்டியிருக்கலாம்.”

அபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கஞ்சியைச் சூடாக்கினாள். அவர் குறை சொல்லிக்கொண்டே முழுக் கிண்ணமும் குடித்தார். சுவர் நிறம் வெளுப்பு என்றார். ஜன்னல் சிறிது என்றார். இரண்டாவது கிண்ணம் கேட்டார்.

மாலை ஆறே முக்காலுக்கு அவள் சமையல்கட்டில் நின்றாள். பாத்திரங்களை நிரப்பி வைப்பதில் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். வீட்டோடு வந்தது வீட்டோடு போகும். குழாயைத் திறந்து இரண்டு கையையும் அடியில் நீட்டினாள். ஒவ்வொரு எண்ணாக வானொலி படித்தது. முதல் எண் அவளுடையதில்லை. இரண்டாவதும் இல்லை. தன் காது அந்தக் குரலுக்காகக் கூர்வதை உணர்ந்தபோது அவளுக்கு அவர்மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் தன்மேல் வந்தது. கையை எடுக்கவில்லை. ஐந்தாவது எண்ணில் கை காய்ந்திருந்தது.

எஜிர் பிப்ரவரியில் எழுந்து நடந்தார். அதன்பின் சனிக்கிழமைகளில் மான்சா அந்த வீட்டுக்கு இரண்டு சீட்டு கிழித்தாள். மனையில் இரண்டு வீடுகள் வந்தன. அவருடையது நாலு முழம் கடல் பக்கம் தள்ளி நின்றது, மாடியோடு. மதியம் அவர் இறங்கி வந்து இவள் வீட்டில் சாப்பிட்டார். ஓட்டையை அடைக்க பிப்ரவரியில் சேர்ந்திருக்க வேண்டிய பணம், வாரம் இரண்டு சீடி போனதில், ஏப்ரலுக்குத் தள்ளிப்போயிற்று. இந்தக் கணக்கை அபா ஒவ்வொரு வாரமும் வரிசையில் நிற்கும்போது சரியாகப் போட்டாள். போட்டுவிட்டு எண்ணைச் சொன்னாள்.

குழாய் விஷயம் சரிவில் பரவியது. ஊர்க் குழாயில் வாரத்தில் எப்போது தண்ணீர் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. பெண்கள் குழந்தைகளோடும் சோப்போடும் வந்தார்கள். வாளியில் எடுத்துப் போன தண்ணீர் ஏழேகாலுக்குக் காணாமல் போயிற்று. ஆனால் குளித்தவர்கள் குளித்தவர்களாகவே இருந்தார்கள், தாகம் தீர்ந்தவர்களுக்கு மறுபடி தாகம் எடுக்கவில்லை. அபா யாரிடமும் காசு வாங்கவில்லை. குலுக்கலுக்குள் தலையை அலசி முடித்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்தாள்.