கண்ணுக்கு டியூஷன்

இப்போதெல்லாம் பிள்ளை தும்மினால்கூட அதற்கு ஒரு சென்டர் திறந்து வைத்திருக்கிறான்கள். பெற்றவர்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என் மருமகள் மோகனாவும் அதில் சேர்த்திதான்.

பேத்தி தனுஜாவுக்குப் பத்து வயது. கெட்டிக்காரி. வாயால் கணக்குச் சொன்னால், நான் விரலை மடக்குவதற்குள் விடை வந்துவிடும். புத்தகத்தை எடுத்தால் மட்டும் அரைப் பக்கத்தில் தலைவலி. இத்தனை மூளையுள்ள பிள்ளை வாசிக்க மாட்டேன் என்கிறதே என்று டீச்சர் சொல்லப்போய், மோகனா அவளைக் கண்ணைக் காட்ட மலைக்குக் கீழே ஈப்போ டவுனுக்குக் கூட்டிப்போனாள். அங்கே கண் சென்டரில் ஒருவன், கண்ணுக்குப் பயிற்சி வேண்டும், ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"கண்ணுக்கு டியூஷனா?" என்றேன்.

"கேலி பண்ணாதீங்க மாமா. கிட்டத்துல பாக்கறப்போ ரெண்டு கண்ணும் ஒண்ணா சேர மாட்டேங்குதாம்."

"நம்ம தானா ராத்தா ஆஸ்பத்திரில பார்வை நல்லாருக்குன்னாங்களே?"

"அது தூரத்துப் பார்வை மாமா."

மலைப் பாதையில் நாலு வளைவு இறங்குவதற்குள் வாந்தி எடுக்கிற பிள்ளை. அதை வாராவாரம் இழுத்துக்கொண்டு போவதா?

நான் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் ஆட்களை மேய்த்த கங்காணி. யாருக்குக் கண் மங்குகிறது என்று எனக்குத் தெரியாதா? சந்தேகம் வந்தால் ஆளை மேட்டில் நிறுத்தி எதிர் மலையைக் காட்டுவோம். அவ்வளவுதான் பரீட்சை. தனுஜாவை லயத்து வீட்டுக்கு வெளியே நிறுத்தினேன்.

"அங்க எத்தன பேரு கொழுந்து வெட்டுறாங்க, சொல்லு."

"பதினொண்ணு தாத்தா. ஒருத்தர் தொப்பியக் கழட்டிட்டு சும்மா உக்காந்திருக்கார்."

எனக்கு எட்டுப் பேர்தான் தெரிந்தார்கள்.

"இந்தக் கண்ணுக்கா வைத்தியம்?" என்று மோகனாவைக் கேட்டேன். அவள் பாடப் புத்தகத்தைப் பிள்ளையிடம் நீட்டினாள். மூன்றாம் வரி முடிந்ததும் தனுஜா ஐந்தாம் வரிக்குத் தாவினாள். திரும்ப வந்தாள், மறுபடி தாவினாள். பிறகு இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மடமடவென்று படித்தாள்.

"என்னடி விளையாட்டு?"

"ரெண்டு கண்ணையும் தொறந்தா எழுத்து ரெண்டா பிரியுது தாத்தா."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. விட்டுக்கொடுக்க முடியுமா?

"சரி, பயிற்சி குடுத்தா நல்லா வாசிச்சிடுவாளா?"

"கண்ணு சேருமாம் மாமா. வாசிப்பு எவ்வளவு மாறும்னு உறுதியா சொல்ல முடியாதாம்."

"உறுதி சொல்லாதவன்கிட்ட ஆறு மாசமா!"

"நான் போறேன் தாத்தா," என்றாள் தனுஜா. "வாந்தி வந்தா பிளாஸ்டிக் பை இருக்குலா."

"ஒத்தக் கண்ணுல நல்லாத்தானே வருது? அப்படியே பொத்திக்கிட்டு படிக்க வேண்டியதுதானே!"

தாயும் மகளும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். மோகனா போனை எடுத்து, இந்தச் சனிக்கிழமையே இடம் இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

நான் குடையை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் நடந்தேன். கண் சேருமாம், வாசிப்பைப் பற்றித் தெரியாதாம். என்ன வைத்தியமோ, எனக்கு ஒத்துவரவில்லை.