மர்லிஸின் கைபட்ட இரும்பு

லிவிங்ஸ்டன் ஊரில் அன்று காற்று வழக்கத்தைவிட மோசம். ஆர்விட்டின் துப்பாக்கிப் பட்டறைக் கதவு தாழ்ப்பாள் போட்டும் தடதடத்துக்கொண்டிருந்தது. மர்லிஸ் மூன்றாவது முறையாக ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தாள். அவளுடைய வலது கை ஜாக்கெட் பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

பைக்குள் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு இருந்தது. அவளுக்காகத் தயாராகும் துப்பாக்கியின் குழலில் வெட்டிய மிச்சம். ஆர்விட் அதற்குக் கருநீல மெருகேற்றித் திங்கட்கிழமை கொடுத்திருந்தார்.

"மூணு நாள் பையில வச்சுக்க. வியாழக்கிழமை வந்து பிடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லு. தொட்டா உடனே துடைச்சிரு" என்று எண்ணெய்த் துணி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்.

அவள் ஒருமுறைகூடத் துடைக்கவில்லை. எடுத்துப் பார்க்கவும் இல்லை. மூன்று நாளாக அதைப் பைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தாள்.

மேஜைமேல் நான்கு மாதிரிகள் வரிசையாக இருந்தன. அவளுடைய கணவன் கென்ட் அவற்றின்மேல் குனிந்து நின்றான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீலம்தான். அதுவும் பழைய முறையில, துருப்பிடிக்க வச்சு, கொதிக்கிற தண்ணியில போட்டு, தேய்ச்சு... எத்தனை தடவை ஆர்விட்?"

"எட்டு. சில குழலுக்குப் பத்து."

"பத்தே போடுங்க." கடைசி மாதிரியைச் சுண்டினான். அது சாம்பல் பச்சையாக, பளபளப்பே இல்லாமல் இருந்தது. பீங்கான் தூள் கலந்த பூச்சைத் தெளித்து அடுப்பில் சுட்டது. "இது என்னது, வாணலியா? இதுல முட்டை பொரிக்கலாம்."

"நல்லாவே பொரியும், ஒட்டாது, துருவும் பிடிக்காது" என்றார் ஆர்விட். "ஆனா இன்னைக்கே சொல்லிருங்கப்பா. நீலம்னா இப்பவே ஆரம்பிச்சாத்தான் வேட்டை சீசனுக்குள்ள முடியும். இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு."

கென்ட் மலையாட்டு வேட்டை அனுமதிக் குலுக்கலுக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பெயர் கொடுத்துவருகிறான். ஒருமுறையும் விழவில்லை. மர்லிஸ் மூன்றாவது முறைதான் கொடுத்திருந்தாள். ஜூன் மாதம் அவள் பெயர் விழுந்தது. அன்று கென்ட் வெளியே போய் ட்ரக்கில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு உள்ளே வந்து அவளைக் கட்டிப்பிடித்து, "உனக்குன்னு ஒரு துப்பாக்கி செய்யச் சொல்லுவோம்" என்றான். தோட்டா அளவை அவன்தான் சொன்னான். வால்நட் மரப் பின்கட்டையையும் தொலைநோக்கியையும் அவனே தேர்ந்தெடுத்தான். எல்லாமே நல்ல தேர்வுதான், அவள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. மெருகு ஒன்றுதான் பாக்கி.

கல்யாணமான வருஷம் அவனுடைய வாத்து வேட்டைத் துப்பாக்கியை அவள் ஒரு நாள் தூக்கிப் பார்த்தாள். ஒரு வாரத்தில் குழல்மேல் நான்கு விரல்களும் பழுப்புத் துருவாகப் பதிந்திருந்தன. அதிலிருந்து துப்பாக்கி அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே கையுறையை நீட்டுவான். ஒன்பது வருஷமாக அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் நாள் முழுக்கக் கையுறை. வீட்டிலும் அதுவேதான்.

"எங்க அந்தத் துண்டு?" என்று ஆர்விட் கையை நீட்டினார்.

கதவு மறுபடி தடதடத்தது. மர்லிஸ் அந்தப் பக்கம் பார்த்தாள். இப்போதுகூட, வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். நீலமே இருக்கட்டும் என்றும் சொல்லலாம். கென்டின் முகம் மலர்ந்துவிடும். அவள் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

கருநீலம் பாதி காணாமல் போயிருந்தது. நடுவில் கட்டைவிரல் ரேகை ஒவ்வொரு கோடாகத் துருவில் எழும்பி நின்றது.

ஆர்விட் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சீட்டியடித்தார். "அடேயப்பா! நூறு பேர்ல ரெண்டு மூணு பேருக்குத்தான் இப்படி இரும்பை அரிக்கிற கை வியர்வை. என்ன ஓடுது உன் உடம்புல, கடல் தண்ணியா?"

"துடைச்சியா?" என்றான் கென்ட்.

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்ல."

"வேணும்னே பண்ணினியா?"

"ஆமா." குரல் சன்னமாகத்தான் வந்தது. "மலையில ஒன்பது நாள், கென்ட். மழை பெய்யும், பனி பெய்யும். அங்க துணியும் எண்ணெயுமா உட்கார்ந்திருக்க முடியாது."

"அதுக்குத்தானே கையுறை?"

"கையுறை போட்டா எனக்குச் சரியா சுட வராது. விசைய உணரவே முடியாது." அவள் இரண்டடி நடந்து நின்றாள். "எனக்குன்னு செய்யற துப்பாக்கி. அதையும் நான் தொடக்கூடாதா?"

கென்ட் அந்தத் துண்டை எடுத்து நகத்தால் துருவைச் சுரண்டினான். வரவில்லை.

"இப்படித் துரு குழி விழுந்துடுச்சுன்னா திரும்பவும் இழைச்சு முதல்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும்" என்றார் ஆர்விட். "குலுக்கல்ல உன் பெயர் விழட்டும்ப்பா. பத்து தடவை என்ன, பன்னிரண்டு தடவை போட்டுத் தரேன்."

"அதுக்குள்ள நீங்க செத்துப்போயிருவீங்க."

"உன் அதிர்ஷ்டத்துக்கு, என் மகனும் செத்துப்போயிருப்பான்."

கென்ட் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பிறகு மேஜையைவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். "நீயே சொல்லு."

மர்லிஸ் சாம்பல் பச்சை மாதிரியை எடுத்தாள். சொரசொரப்பாக, குளிர்ந்து இருந்தது. "இது. குழலுக்கு மட்டும் இல்ல. விசைக் காப்பு, பின்கட்டைத் தகடு, திருகாணி எல்லாத்துக்கும். என் கை படற எந்த இடமும் விட்டுப்போகக் கூடாது."

"அடுத்த வெள்ளிக்கிழமை வாங்கிக்கலாம்" என்று எழுதிக்கொண்டார் ஆர்விட்.

பக்கத்தில் மரத்தாங்கியில் அவளுடைய குழல், மெருகேறாத வெள்ளை இரும்பாகக் கிடந்தது. அவள் கை தானாக அதை நோக்கிப் போனது.

"ஏய், ஏய்! அதைத் தொடாதே! இன்னும் பூசலை!" என்று ஆர்விட் கத்தினார்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். கன்னம் சூடானது. அதற்குள் கென்ட் பழக்கத்தில் தன் கையுறையை எடுத்து நீட்டியிருந்தான். நீட்டிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மறுபடி பையில் திணித்துக்கொண்டான்.

ட்ரக்குக்குப் போகும்போது காற்று இருவரையும் பக்கவாட்டில் தள்ளியது. மேஜைமேல் துருத்துண்டு இல்லாததை அவள் வெளியே வருமுன் கவனித்திருந்தாள். வண்டி ஓட்டும்போது கென்டின் இடது கைதான் ஸ்டீயரிங்கில் இருந்தது. வலது கை ஜாக்கெட் பைக்குள் எதையோ உருட்டிக்கொண்டே வந்தது.