இடப்பக்க விளக்குகள்

எங்கள் வீட்டு ஆண்கள் குத்துச்சண்டை மேடையில் நிற்கும் விதமே தனி. முகவாய் இடப்பக்கம் லேசாகத் திரும்பியிருக்கும். அப்பா அப்படித்தான் நின்றார், பிறகு தம்பி, இப்போது தம்பி மகன். கால் ஊனத்தால் மேடையே ஏறாத நானும் சாப்பாட்டு மேசையில் அப்படித்தான் உட்காருவேன். பரம்பரை மிடுக்கு என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். நாங்கள் மறுத்ததில்லை.

அன்று மாலை தம்பி மகனுக்கு இறுதிப் போட்டி. விளையாட்டு வீரர்களின் கண் எப்படி ஓடுகிறது, மற்றவர்களுடையது எப்படி ஓடுகிறது என்று ஒப்பிடும் ஆய்வுக்கூடத்துக்குக் காலையில் அவனுடன் போயிருந்தேன். ஒப்பிட வரவேண்டிய ஆள் வரவில்லை.

"பெரியப்பா, நீங்க உக்காருங்க. என் பெருமை இன்னும் நல்லாத் தெரியும்" என்றான்.

"தோத்துட்டு அழக்கூடாது."

ஆய்வு செய்யும் பெண் ஒருவர் பின் ஒருவராக எங்கள் முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையால் இறுக்கினாள். தலை அசையாது. கறுப்புப் பலகையில் எங்கே விளக்கு எரிகிறதோ அங்கே கண் தாவ வேண்டும். வலப்பக்கம் அவன் கண் பாய்ந்தது, என்னுடையது நொண்டியடித்தது.

முடிந்ததும் அவன் சட்டை மாற்றப் போனான். அவள் கணினித் திரையை விட்டு நிமிரவில்லை.

"இடது பக்க விளக்கு பழுதாம்மா?"

"எரிஞ்சுதுங்க ஐயா. ரெண்டு பேர் கண்ணும் அந்தப் பக்கம் போகவே இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஓரத்துல பார்வை இல்லன்னு நினைக்கிறேன். தலையைத் திருப்பித்தான் சமாளிச்சிருக்கீங்க. கண் டாக்டர் பார்க்கிற வரைக்கும் அவர் மேடை ஏறக்கூடாது."

அப்பா மேடையிலேயே விழுந்து இறந்தவர். இடக் காதோரம் ஒரே குத்து. கண்ணுக்கே தெரியாத வேகம் என்றுதான் இத்தனை வருடமும் வீட்டில் பேச்சு.

நடைக்கூடத்தில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னிக்கு வேண்டாம்டா."

"நல்லா இருக்கே! பின்வாங்குறவன் நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப விடுங்க. நீங்க காப்பாத்துன பேரை நான் கெடுக்க மாட்டேன்."

மாலையில் மேடை ஏறி முகவாயைத் திருப்பினான். அதைப் பார்த்ததும் அரங்கம் அதிர்ந்தது. எதிர் மூலையில் நின்றவன் கத்தவில்லை, சிரிக்கவில்லை. வலக்கையை மட்டும் காற்றில் வீசி வீசிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடையோரம் மருத்துவரின் மேசை இருந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போட்டி நின்றுவிடும். நாளை எங்கள் வீட்டைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று எழுந்தேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு அவரை நோக்கி விரைந்தேன்.

இடத் தோள் எதன்மீதோ பலமாக மோதியது. கைத்தடி நழுவ, தரையில் விழுந்தேன். அங்கே ஒருவன் நின்றிருந்ததே எனக்குத் தெரியவில்லை.

"பார்த்து வாங்க பெரியவரே" என்று அவன் என்னைத் தூக்கக் குனிந்தான்.

மணி அடித்தது.