நடுக்கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை

"கோபுரம் இருக்கு, ஆத்துல படகு விடறாங்க, அதையெல்லாம் விட்டுட்டு எவளோ ஒருத்தியோட அடுப்படி ஜன்னலைப் பார்க்கணும்னா என்ன அண்ணி அர்த்தம்?" என்று நாத்தனார் விமான நிலைய வாசலில், டாக்ஸி வரிசையில் நின்றுகொண்டு குரலை உயர்த்தினாள், முன்னால் நின்ற குடும்பம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது, பார்த்தால் பார்க்கட்டும், அடுத்தவர் சண்டை என்றால் நாமும் இப்படித்தானே கழுத்தைத் திருப்பியிருப்போம் என்று ரேடியோ அக்கா பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டாள், நினைத்துக்கொண்டே தானும் சளைக்காமல், நீ போய் உன் கோபுரத்தைப் பாரு, அது எங்கேயும் ஓடிடாது என்று கத்தினாள். தனியாக விட்டுவிட்டு அண்ணனுக்கு யார் பதில் சொல்வது என்று முணுமுணுத்தபடி நாத்தனாரும் அதே டாக்ஸியில்தான் ஏறினாள், ஏறாமல் என்ன செய்வாள், அவளுக்கும் விஷயம் தெரிந்தாக வேண்டும். தம்பி மகள் கல்யாணத்துக்குப் போகிற வழி, அடுத்த விமானம் சாயங்காலம்தான், ஒரு அரைப்பகல் யாரோ கையில் திணித்த மாதிரி கிடைத்திருக்கிறது, அதுவும் எந்த ஊரில்... கல்யாணமான புதிதில் வந்து, பிள்ளை பெற்று, பல்லைக் கடித்துக் குடித்தனம் நடத்திய இதே ஊரில், விட்டுப்போய் இருபது வருஷமிருக்கும், இதை விட்டால் இனி எப்போது?

ரேடியோ என்பது அந்தக் குடியிருப்பு வைத்த பட்டம், நல்ல எண்ணத்தில் வைத்தது என்று சொல்ல முடியாது. யார் வீட்டில் என்ன நடக்கப் போகிறது என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியுமுன் அவளுக்குத் தெரிந்துவிடும், மாடியில் இருந்த தட்டச்சுக்காரிக்கும் மின்வாரியத்துக்காரனுக்கும் கல்யாணம் என்று அவர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்குவதற்கு முன்பே சொன்னவள். எப்படி என்று கேட்டால் ரகசியம் ஒன்றுமில்லை, துணி, காயப்போட்ட துணி, துணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. டாக்ஸி பாலத்தில் ஏறியது, இந்தப் பாலம் அப்போது இல்லை, இங்கே ஒரு மரக்கடை இருந்தது, இல்லை, அது அடுத்த திருப்பமோ... அந்த அடுப்படி ஜன்னலைத் திறந்தால் ஆகாயம் இல்லை, கிணறு மாதிரி ஒரு சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டடத்தின் முதுகு, அதில் இன்னொரு அடுப்படி ஜன்னல், அதில் அவள், எதிர்வீட்டுக்காரி. இந்த ஜன்னலில் ஒரு கப்பி, அந்த ஜன்னலில் ஒரு கப்பி, நடுவில் வளையமாக ஓடும் ஒரே கொடிக்கயிறு, பாதி இவளுக்கு, பாதி அவளுக்கு, இவள் இழுத்தால் அவள் துணி நகரும், அவள் இழுத்தால் இவள் மானம் நகரும். கரண்டியால் ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு தட்டினால் 'வா' என்று அர்த்தம். புருஷன் போன பிறகு ஒற்றை மகளை வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரி பட்ட பாட்டையெல்லாம், வருஷா வருஷம் மடிப்பு அவிழ்ந்து நீண்டுகொண்டே போன அந்தப் பெண்ணின் பள்ளிச் சீருடையிலேயே ரேடியோ அக்கா படித்திருக்கிறாள். ஒரே ஒரு குறை, அவளுக்குக் கிளிப் போட வராது, வாரத்துக்கு ஒரு துணியாவது சந்தில் விழும். சந்தின் அடி சலவைக்கடையின் கொல்லை, கடைக்காரர் பொறுக்கி மடித்து எடுத்து வைத்திருப்பார், அவள் போய் வாங்கி வருவாள். கிளிப்புல கூடவா கஞ்சத்தனம் என்று இந்த ஜன்னலிலிருந்து கேலி பறக்கும், அந்த ஜன்னல் சிரிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் எதற்குப் பேசாமல் போனார்கள்... கேட்டால் சிரிப்பீர்கள், நாத்தனார் சிரித்தாள். எதிர்வீட்டுச் சிவப்புப் போர்வை ஒன்று சாயம்விட்டு, பக்கத்தில் காய்ந்த இவள் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைகள் அத்தனையும் ரோஜா நிறமாகிவிட்டன, கூட்டுறவு மருந்துக்கடையில் நிற்கிற மனிதர், வெள்ளையைத் தவிர வேறு போடக் கூடாது, அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை, கண் அவிஞ்சா போச்சு என்று ஒரு வார்த்தை கூடுதலாக வந்துவிட்டது. அந்த ஜன்னல் சாத்திக்கொண்டது. ஒரு மாதம், ஒருத்தி இல்லாதபோது ஒருத்தி கொடி இழுத்தாள். மாற்றல் வந்து வீட்டைக் காலி செய்த அன்று, சாமானெல்லாம் இறங்கிய பிறகு, அடுப்படியைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாமென்று போனால், கொடியின் நட்டநடுவில் ஒற்றைக் கிளிப்பில் ஒரு வெள்ளைச் சட்டை, புத்தம் புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை, அகலத் தோள், இவர் மாதிரி ரெண்டு பேர் நுழையலாம், கண்ணளவில் வாங்கியிருக்கிறாள் பாவம் என்று தோன்றியது. இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் கைக்கு வந்திருக்கும். கயிற்றில் கை வைத்தும்விட்டாள், கீழிருந்து இவர், டாக்ஸிக்காரன் போறேங்கிறான் வர்றியா இல்லையா என்று போட்ட சத்தத்தில்... வந்துவிட்டாள். வேண்டுமென்றே விட்டுப் போனதாக அவள் நினைத்திருப்பாளே, வீம்பு பிடித்தவள் என்று நினைத்திருப்பாளே, கை நீட்டியவளுக்கு முகத்தைக் காட்டாமல் போன மாதிரி ஆயிற்றே. இருபது வருஷமாக ஒவ்வொரு துணி காயப்போடும்போதும் அந்தச் சட்டை வந்து நடுவில் தொங்குகிறது.

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே" என்றாள் நாத்தனார், என்னவோ பெரிய யோசனை மாதிரி. எந்த விலாசத்துக்கு? அங்கேதான் இருக்கிறது கூத்து, அவள் வீட்டு வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று இவளுக்குத் தெரியாது, அத்தனை வருஷப் பழக்கத்தில் தெரிந்துகொள்ளவே இல்லை, ஜன்னல் இருக்கும்போது வாசல் எதற்கு? அவள் வீட்டு உப்பு ஜாடி எங்கே இருக்கும் என்று தெரியும், தலைவலி வந்தால் எந்தத் துண்டைக் கட்டுவாள் என்று தெரியும், கதவு என்ன நிறம் என்று தெரியாது. டாக்ஸி நின்றது. கட்டடம் குள்ளமாகிவிட்டதா, இல்லை சுற்றி எல்லாம் உயர்ந்துவிட்டதா? கீழே சலவைக்கடை இல்லை, செல்போன் கடை. படியேறினாள், நாத்தனார் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால், கைப்பிடிச் சுவரில் பிள்ளை ஆணியால் கீறிய இடத்தில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், தடவினால் கீறல் அப்படியே இருக்கிறது. பழைய வீட்டுக் கதவைத் தோளில் கைக்குழந்தையோடு ஒரு ஆள் திறந்தார், யாரு வேணும் என்றார்.

"யாரும் வேணாம் தம்பி, உங்க அடுப்படி ஜன்னல் வேணும். அஞ்சு நிமிஷம்."

பைத்தியமென்றுதான் நினைத்திருப்பார், ஆனால் குழந்தை இவளைப் பார்த்துச் சிரித்துவிட்டது, பிழைத்தாள். போகிற போக்கிலேயே கண் வேலை செய்துவிட்டது, மூன்று அளவில் செருப்பு, மாமியார் வந்து தங்கியிருக்கிறாள், பாத்திரம் கழுவுவது இவர்தான்... அடுப்படி, அம்மாடி, அதே அடுப்படி, மேடை மட்டும் மாறியிருக்கிறது, ஜன்னல் அதே ஜன்னல், கப்பி துருவேறியிருக்கிறது, கொடி இருக்கிறது, இருக்கிறதே, குழந்தைத் துணியாக வரிசைகட்டித் தொங்குகிறது. எதிர் ஜன்னல் சாத்தியிருந்தது. கேட்காமலே ஒரு கரண்டியை எடுத்துக் கம்பியில் இரண்டு தட்டு தட்டினாள், கிழவி உனக்கென்னடி இந்த வயசில் இந்த விளையாட்டு... இன்னும் இரண்டு தட்டு. ஜன்னல் திறந்தது. அவள் இல்லை, அவள் முகத்தின் மேல்பாதியை வைத்துக்கொண்டு வேறு யாரோ, சீருடைக்காரி, அந்த மகள், காதோரம் நரைகூட எட்டிப் பார்க்கிறது. ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள், "ரேடியோ அத்தையா?" என்றாள். அந்தப் பட்டம் சந்தைத் தாண்டிப் போயிருந்தது ரேடியோ அக்காவுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

அம்மா எங்கே என்று கேட்க வாய் வரவில்லை, எந்தப் பதில் வருமோ, அதனால் முதலில் சட்டையைப் பற்றியே கேட்டாள், அன்றைக்கு நான் வேணும்னு விட்டுட்டுப் போகல, டாக்ஸி வந்துடுச்சு, அதை உங்கம்மாகிட்ட... மகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சட்டை மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் தொங்கியதாம், அப்புறம் சந்தில் விழுந்ததாம், சலவைக்கடைக்காரர் துவைத்து இஸ்திரி போட்டு, அதுவரைக்கும் மாடி ஏறாத மனிதர் தானே ஏறி வந்து கொடுத்தாராம், நீங்களே வச்சுக்குங்க என்று அம்மா சொன்னாளாம்.

"அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுதான் அத்தை பதிவு ஆபீசுக்கு வந்தாரு. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சு."

கடையைக் காலி செய்து இரண்டு பேரும் ஒரு கடற்கரை ஊருக்குப் போய்விட்டார்களாம், அங்கேயும் சலவைக்கடைதான், நன்றாக இருக்கிறார்களாம். "என்னைப் பத்தி எப்பவாவது..." என்று இழுத்தாள் ரேடியோ அக்கா. சொல்வாங்களே, நல்லவேளை அவ எடுத்துட்டுப் போகலைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க என்றாள் மகள். நாத்தனாருக்குக் கோபுரம் பார்த்த திருப்தி முகத்தில். ரேடியோ அக்கா கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள், ஊரிலிருந்து எதிர்வீட்டுக்காரிக்கென்றே வாங்கி வந்த கிளிப், நல்ல அழுத்தமான கிளிப், அதைக் குழந்தைத் துணிகளுக்கு நடுவில் மாட்டி, கயிற்றை இழுத்தாள், கப்பி கிறீச்சென்றது, பாக்கெட் ஆடி ஆடி அந்தக் கரை போய்ச் சேர்ந்தது. "அம்மா விட்டுட்டுப் போனதே ஒரு பெட்டி நிறைய இருக்கு அத்தை, அவங்ககிட்ட கிளிப்புக்கு என்னைக்குப் பஞ்சம்?" என்றாள் மகள், வாங்கிக்கொண்டே.

விமானம் மேலே ஏறி, கோபுரமும் ஆறும் ஒன்றாகச் சின்னதாகப் போன பிறகுதான் அது மெல்ல வந்து உட்கார்ந்தது... பெட்டி நிறையக் கிளிப் வைத்திருந்தவளின் துணி ஏன் வாரம் தவறாமல் விழுந்தது? அதுவும் சலவைக்கடைக் கொல்லையில், இவள் கண்ணெதிரில், இவள் கேலி செய்யச் செய்ய, ஊரில் உள்ள காதலையெல்லாம் துணியில் படித்தவள் மூக்குக்கு நேரே ஓடிய கொடியை மட்டும் படிக்காமல்... அப்படியானால் அந்த அகலத் தோள்? கைநீட்டி இவள் பக்கம் அனுப்பியதுதானா அது, இல்லை, விழுவதற்கென்றே ஒற்றைக் கிளிப்பில் நடுவில் போய் நின்றதா? நாத்தனார் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கல்யாண வீட்டில் இறங்கியதும் முதல் வேலையாக ரேடியோ அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள், ஏங்க, அன்னைக்குக் கொடியில தொங்கிச்சே அந்த வெள்ளைச் சட்டை, அது உங்க அளவா இருந்திருக்குமா? "எந்தச் சட்டை?" என்றார் அவர். தம்பி மகள் கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது, பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவாரமே வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்கள், கைக்குழந்தைக்காரரும் பெரிய வீடாகப் பார்த்து மாறிவிட்டதாகக் கேள்வி. எதிர்வீட்டுக்காரியின் கடற்கரை ஊர் எது என்று கேட்டு வந்திருக்கலாமே என்று நாத்தனார் பிறகுதான் சொன்னாள். ரேடியோ அக்கா அந்த ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.