மூன்றாவது சிலிண்டர்

பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதியும் தேறாத மனிதருக்கு ஊரே சேர்ந்து 'டாக்டர்' என்று பட்டம் கொடுத்திருந்தது. ஓடும் இன்ஜின்மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பத்து நிமிடத்தில் நோய் இன்னதென்று சொல்லிவிடுவார். அவர் சொன்னது தப்பியதாக இதுவரை யாரும் புகார் செய்ததில்லை. செய்திருந்தால் அந்த ஆளுக்கு அடுத்த முறை பட்டறை வாசலில் என்ன வரவேற்பு கிடைத்திருக்கும் என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு கிழட்டு வெள்ளைக் கார் நான்கு மாதமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

கார் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியாருடையது. வயது பதினாறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்துவிடும். மற்ற மூன்றும் நொண்டிக்கொண்டே வண்டியை இழுக்கும். முதல் தடவை டாக்டர் பிளக்கை மாற்றினார். மூன்று நாள் ஒழுங்காக ஓடிவிட்டு நான்காம் நாள் திரும்பி வந்து நின்றது. இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். மறுபடியும் வந்தது. கம்ப்ரஷன் பார்த்தார், அது இளவட்டம் மாதிரி இருந்தது. மறுபடியும் வந்தது.

"சார், வண்டிய என்னதான் பண்றீங்க? எங்கிட்ட இருந்தா சாதுவா நிக்குது, உங்க கைக்கு வந்தா மிஸ் அடிக்குது."

"நான் என்ன பண்றேன் டாக்டர்? ஓட்டறேன், அவ்வளவுதான். பையன்தான் போன்ல உயிர எடுக்கறான், நடுரோட்டுல நிக்கப் போறே, சரி பண்ணுன்னு."

வாத்தியாரின் குரலில் கவலை மருந்துக்கும் இல்லை. டாக்டருக்கு அதுதான் எரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தவர் ஒரு கணம் நின்றார். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், யாருமில்லாத இடத்தின் குறுக்கே, பெல்ட் மாட்டியிருந்தது.

"இது எதுக்கு சார்?"

"போடலேன்னா கத்தும்" என்றார் வாத்தியார். வெயிலில் நடந்து போய்விட்டார்.

அன்று மாலை நாலரை மணிக்கு, கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகி மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் காரைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பினார். பக்கத்து பெல்ட்டைக் கழற்றி விட்டிருந்தார். கடைத்தெரு, பூங்கா, மேம்பாலம் எல்லாவற்றையும் சுற்றியும் ஒரு முனகல்கூட இல்லை. நூலகத்துக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தை நெருங்கியபோது இன்ஜின் உதறியது. ஸ்கேனர் மூன்றாவது சிலிண்டர் என்றது. அதே நேரத்தில், பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தும் பெல்ட் போடவில்லை என்பதற்கான சிவப்பு விளக்கு எரிந்து, மணி கூவத் தொடங்கியது. வண்டி அந்தப் பக்கமாக ஒரு நூல் இறங்கினாற்போல இருந்தது.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். வெறும் இருக்கை. கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் விழுந்துகொண்டிருந்ததோ எதிர்ப்பக்கம்.

பயந்துவிட்டார். அதை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. சீட்டுக்கடியில் எங்கோ ஒயர் உரசுகிறது, அந்த மின்சாரக் கோளாறே பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலையும் படுத்துகிறது என்று தனக்குத்தானே ஒரு கதை கட்டிக்கொண்டு நேரே தன் வீட்டுக்கு ஓட்டினார். வாசல்வரை விளக்கு அணையவில்லை. நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் சற்று நேரம் எரிந்தது.

டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. சந்தேகப்படும் உறுப்புக்குப் பதிலாகப் புதுசு வாங்கிப் போட மாட்டார். "புதுசே கெட்டதா இருந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்பார். நன்றாக ஓடும் வண்டியிலிருந்து கழற்றி இதில் போடுவார், இதிலிருந்ததை அதில் போடுவார். கோளாறும் கூடவே போனால் குற்றவாளி அந்த உறுப்பு. போகாவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும். அதே ரகக் கார் ஒன்று அவர் வீட்டிலேயே நின்றது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஓட்டுவது.

மறுநாள் காலை மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து, இரண்டு கார்களின் மூன்றாவது காயில்களையும் இடம் மாற்றினார். வண்டிக்கு ஒரு போல்ட், ஒரு ஒயர். கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. அவளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், என் வண்டிதான் கிடைத்ததா என்று வீட்டை இரண்டாக்கிவிடுவாள்.

வெள்ளைக் காரை வாத்தியார் அன்றே ஓட்டிப் போனார். மூன்றாம் நாள் மாலை பட்டறைக்கு வந்தார். முகம் பேயறைந்தது போல இருந்தது.

"வண்டி நல்லா ஓடுது டாக்டர்."

"பின்னே! யார் கை பட்டது?"

"ரெண்டு நாளா அந்த நூலகத்துப் பக்கமே சுத்திக்கிட்டிருக்கேன். ஒரு உதறல் இல்ல. விளக்கும் எரியல." அவர் அங்கிருந்த பழைய டயர்மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். பெரிய மனிதர் விம்முவதைப் பார்த்து டாக்டர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"என் சம்சாரம் அங்கதான் நூலகரா இருந்தா. தினமும் நாலே முக்காலுக்குப் போய்க் கூட்டிட்டு வருவேன். எட்டு மாசம் முன்னாடி ஆஸ்பத்திரிக்கு இதே வண்டியிலதான் போனோம். திரும்பி வந்தது நான் மட்டும். அப்புறமும் நாலே முக்காலுக்குப் போய் நிக்கற பழக்கம் போகல. ஒரு நாள் வண்டி உதறுச்சு, விளக்கு எரிஞ்சுது. அவ எப்பவும் பெல்ட் போட மறந்துருவா. நான்தான் மாட்டி விடுவேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன சார்?"

"சொன்னா சிரிப்பீங்க. பையனுக்காகத்தான் கொண்டு வந்து விட்டேன். நீங்க ஒவ்வொரு தடவையும் தோத்தீங்க பாருங்க, எனக்கு அவ்வளவு நிம்மதி. இப்ப அவ எங்க போனா? எனக்கு அவள விட்டா யாரு இருக்கா?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. மகள்.

"அப்பா, வண்டி திடீர்னு உதறுது. இன்னைக்குத்தான் இந்த வழியா வந்தேன், நூலகத்து ஸ்டாப்புல நிறுத்தியிருக்கேன். பக்கத்து சீட்டு பெல்ட்டப் போடச் சொல்லிக் கத்துது. நான் தனியாத்தான்பா இருக்கேன். உள்ள பழைய புத்தக வாசனை அடிக்குது. சாவிய எடுத்துட்டேன், அப்பவும் விளக்கு அணைய மாட்டேங்குது."

"இறங்கி தள்ளி நில்லும்மா. இதோ வந்துட்டேன்."

வெள்ளைக் காரில் இருவரும் பறந்தார்கள். வழியில் டாக்டர் காயில் மாற்றிய கதையைச் சொன்னார். வாத்தியார் முகத்தில் கோபம் இல்லை, வெளிச்சம்தான் வந்திருந்தது.

மகள் நடைபாதையில் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். சாவி அவள் கையில் இருந்தது. காருக்குள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கையின் பஞ்சு ஓர் ஆள் கனத்துக்கு அமுங்கியிருந்தது. டாக்டர் மகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார்.

வாத்தியார் அந்தப் பக்கத்துக் கதவை மெல்லத் திறந்தார். வகுப்பறைக் குரல் இல்லை, வீட்டுக் குரல்.

"இறங்கும்மா. இது நம்ம வண்டி இல்ல. அந்தப் பொண்ணு பயப்படுது பாரு."

பஞ்சு நிதானமாக மேலே எழும்பியது. விளக்கு அணைந்தது.

டாக்டர் இரண்டு பானெட்டுகளையும் திறந்து, விரல்கள் வழுக்க வழுக்க, காயில்களை அதனதன் இடத்துக்கு மாற்றினார். வாத்தியார் அதற்குள் தன் காரின் பக்கத்துக் கதவை அகலத் திறந்து வைத்துக் காத்திருந்தார். "ஏறிக்கோ" என்று இரண்டு தடவை சொன்னார். கதவை மூடி, இன்ஜினைக் கிளப்பினார்.

நான்கு சிலிண்டரும் சீராக ஓடின. நூலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றிலும் எதுவும் எரியவில்லை. மகளின் காரையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. இத்தனை மாதம் துரத்திய கோளாறை டாக்டர் இப்போது பானெட்டில் காதை வைத்துத் தேடினார்.

வாத்தியார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினார். "முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு தடவகூட அவள இறங்குன்னு சொன்னதில்ல டாக்டர். இன்னைக்கு நானே சொல்லிட்டேன். அவ சொன்ன பேச்சு கேக்கறவ." பிறகு கேட்டார்: "பழையபடி கெடுத்துக் குடுக்க முடியுமா?"

தொழிலில் இப்படி ஒரு வேலையை யாரும் அவரிடம் கேட்டதில்லை. டாக்டர் போய், ஓடும் இன்ஜினில் மூன்றாவது காயிலின் ஒயரைப் பிடுங்கினார். வண்டி உதறியது. அச்சு அசல் அதே உதறல். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. வாத்தியார் பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது நீங்க பண்ற உதறல், டாக்டர்" என்றார் கடைசியில். "ஒயர மாட்டிருங்க."